ஐந்துக்கு நான்கு: வேக் கவுன்டியின் பள்ளி எல்லைத் தகராறு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலேயும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களும் அடங்கியது வேக் கவுன்டி என்ற உள்ளாட்சிப் பகுதி. அங்கே எந்தத் தெருவில் குடியிருக்கும் குழந்தை எந்த அரசுப் பள்ளியில் சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம், தேர்தலில் வென்று வரும் ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட பள்ளி வாரியத்திடம் இருக்கிறது. 2010 மார்ச் 23 அன்று அந்த வாரியம், ஏழைக் குழந்தைகள் ஒருசில பள்ளிகளில் மட்டும் குவிந்துவிடாமல் பார்த்துக்கொண்ட பத்தாண்டுக் காலக் கொள்கையைக் கைவிடுவதற்கான தீர்மானத்தை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில் அந்த ஐவருக்குத் தலைமை தாங்கியவர் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அதன்பின் அமைந்த புதிய பெரும்பான்மையும் ஐந்துக்கு நான்குதான்.

இந்த நிகழ்வை இனப் பிரச்சினை என்ற ஒரே கோணத்தில் சொல்வது வழக்கம். இனமும் வர்க்கமும் இதன் அடியில் இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆவணங்களையும் தேர்தல் முடிவுகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, இரண்டு பெரும்பான்மைகளையும் அடுத்தடுத்துக் கவிழ்த்தது வேறொன்று என்றே நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டு தன் பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த நாட்காட்டிப்படி, எந்தப் பேருந்தில் போகும் என்று தெரியாத நிலையை ஒரு குடும்பம் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ளாது. நல்ல நோக்கத்தோடு வந்த வாரியமும் அதைக் கவனிக்கவில்லை. அதை எதிர்த்து வந்த வாரியமும் கவனிக்கவில்லை.

நகரமும் புறநகரும் ஒரே பள்ளி மாவட்டமானது

1970-களின் தொடக்கத்தில் ராலே நகரப் பள்ளிகளும் வேக் கவுன்டிப் பள்ளிகளும் தனித்தனி நிர்வாகங்களின் கீழ் இருந்தன. வெள்ளையினக் குடும்பங்கள் நகரை விட்டுப் புறநகர்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. நகரப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் இணைத்துவிடலாம் என்ற யோசனையைப் பொது வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். ஆயினும் நகரின் மையம் வெறிச்சோடிப் போனால் கவுன்டி முழுவதுமே நலியும் என்று அஞ்சிய வணிகத் தலைவர்களும் கல்வித் தலைவர்களும் மாநிலச் சட்டமன்றத்தை நாடினர். அதன் வழியே 1976-ல் இணைப்பு நடந்தேறியது.

இந்த இணைப்பின் பொருளை விளங்கிக்கொள்ள, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த டெட்ராய்ட் தீர்ப்பை நினைவில் கொள்ள வேண்டும். மிலிகன் எதிர் பிராட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நகரப் பள்ளிகளில் இருக்கும் இனப் பிரிவினையைச் சரிசெய்வதற்காக, அந்தத் தவறில் பங்கு இல்லாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இழுத்துவர முடியாது என்று 1974-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, நாட்டின் பல பெருநகரங்களில் மாவட்ட எல்லையைத் தாண்டி வீடு வாங்கிக்கொண்டால் போதும், கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் சேர்ந்து படிக்கும் கலப்புப் பள்ளி என்ற கேள்வியே எழாது என்ற நிலை உண்டாயிற்று. வேக் கவுன்டியில் அப்படித் தாண்டிப் போவதற்கு ஓர் எல்லை இல்லாமல் போனது. நகரத்தின் பழைய கறுப்பினக் குடியிருப்புகளும், புதிதாக எழுந்த கேரி போன்ற புறநகர்களும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. பின்னர் நடந்த சண்டைகள் எல்லாம் மாவட்டத்துக்கு உள்ளேயே, வாக்குப்பெட்டியின் வழியே நடந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

1982-ல் நகர மையத்துப் பள்ளிகள் பலவற்றை மேக்னட் பள்ளிகளாக மாற்றினார்கள். கலை, அறிவியல், மொழிகள் என்று வேறெங்கும் கிடைக்காத பாடங்களை அங்கே வைத்து, புறநகர்ப் பெற்றோரைத் தாமாகவே விண்ணப்பிக்கச் செய்யும் உத்தி அது. மற்றப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களின் பங்கு 15 முதல் 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்து எல்லைகள் வரையப்பட்டன. பெருஞ்சண்டை எதுவும் இல்லாமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஏற்பாடு நிலைத்தது.

இனத்திலிருந்து வருமானத்துக்கு

1999-ல், சில மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சி நீதிமன்றமான நான்காவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், வர்ஜீனியாவின் ஆர்லிங்டன், மேரிலாந்தின் மான்ட்கோமரி ஆகிய கவுன்டிகள் தொடர்பான வழக்குகளில், மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. வட கரோலினாவும் அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால், வேக் வாரியம் தன் மீது வழக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. 2000-ல் இன இலக்கை எடுத்துவிட்டு வேறு இரண்டு அளவுகோல்களை வைத்தது. எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வாசிப்பில் தம் வகுப்பு நிலைக்குக் கீழே இருப்பவர்கள் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மதிய உணவுத் தகுதி என்பது கூட்டாட்சி அரசின் வறுமைக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவது: குடும்ப வருமானம் அந்தக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம், 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை. ஒரு பள்ளியில் வறுமை எவ்வளவு இருக்கிறது என்பதைத் தோராயமாக அறிய அன்றைக்குப் பள்ளி நிர்வாகங்கள் பரவலாகப் பயன்படுத்திய கருவி இது.

2007-ல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் இன அடிப்படை ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது, வேக் கவுன்டி நாடெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. இனம் என்ற சொல்லைத் தொடாமல், வருமானத்தை வைத்தே கலப்பைக் காக்க முடியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்றாக நின்றது. அந்தப் பெருமை பொருத்தமானதே. ஆனால் வெளியிலிருந்து பாராட்டியவர்களுக்குத் தெரியாத ஒன்று உள்ளூர்ப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது.

நோடு என்னும் சிறு கட்டம்

கவுன்டி முழுவதையும் வாரிய அலுவலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தது. அவற்றுக்கு நோடு என்று பெயர். ஒரு நோடு சில இடங்களில் நாலைந்து தெருக்கள். சில இடங்களில் ஒரே ஒரு அடுக்குமாடி வளாகம். ஒவ்வொரு நோடுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு நடுநிலைப் பள்ளி, ஓர் உயர்நிலைப் பள்ளி என்று எழுதப்பட்டிருக்கும். புதிய பள்ளி ஒன்று திறக்கும்போதோ, பழைய பள்ளி நிரம்பி வழியும்போதோ அலுவலர்கள் சில நோடுகளைத் தூக்கி வேறு பள்ளியின் பெயருக்கு எதிரே வைப்பார்கள். வரைவு வெளியாகும்; பொதுக் கூட்டங்களில் பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கி முன் நின்று தங்கள் நோடு எண்ணைச் சொல்லி முறையிடுவார்கள்; வாரியம் சிலவற்றைத் திருத்தி வாக்களிக்கும். அடுத்த ஆண்டு மறுபடியும் இதே வேலை தொடங்கும்.

ஆண்டுதோறும் இது நடந்ததற்கு முதன்மைக் காரணம் மக்கள்தொகை. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6,27,846 ஆக இருந்த கவுன்டியின் மக்கள்தொகை 2010-ல் 9,00,993 ஆயிற்று. ராலே, டர்ஹம், சாப்பல் ஹில் ஆகிய ஊர்களுக்கு நடுவே 1959-ல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சிப் பூங்காவின் வேலைவாய்ப்புகள் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடும்பங்களை ஈர்த்தன. கேரியிலும் மோரிஸ்வில்லிலும் இன்று கணிசமாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் இந்த அலையில் வந்து சேர்ந்தவையே. பள்ளி மாணவர் எண்ணிக்கை 2010-ல் 1,40,000-ஐக் கடந்திருந்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் புதிய மாணவர்கள் வரும் மாவட்டத்தில், கலப்பு என்ற கொள்கை அறவே இல்லாதிருந்தாலும் எல்லைகளை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும்.

தன் பிள்ளையை இரண்டாவது முறையாகப் பள்ளி மாற்றும் கடிதம் கைக்கு வரும்போது, அது மக்கள்தொகைப் பெருக்கத்தின் விளைவா, வறுமை விகிதத்தைச் சமன் செய்வதற்கான மாற்றமா என்று ஒரு தாயால் பிரித்தறிய முடியாது. கடிதம் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். வாரியமும் அதைப் பிரித்துச் சொல்ல முயலவில்லை. உண்மையில் பெரும்பாலான மாணவர்கள் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குள் இருந்த பள்ளிகளிலேயே படித்தனர். மிகத் தொலைவு பயணம் செய்தவர்களில் பலர், எதிர்ப்புக் கூட்டங்களில் அதிகம் பேசிய புறநகர்ப் பிள்ளைகள் அல்லர். தென்கிழக்கு ராலேயின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளும், தாமாகவே மேக்னட் பள்ளிகளை நாடியவர்களுமே. இந்த விவரங்கள் அலுவலகத்தில் இருந்தன. பெற்றோரிடம் போய்ச் சேரவில்லை. பெருக்கத்தின் தொல்லைகள் அனைத்தும் கலப்புக் கொள்கையின் கணக்கில் எழுதப்பட்டன.

நாட்காட்டி என்னும் முள்

மற்றொரு கூறையும் சொல்லாவிட்டால், பழைய வாரியப் பெரும்பான்மை கவிழ்ந்த 2009 தேர்தல் புரியாது. வட கரோலினாவில் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. கட்டடம் கட்டப் பணம் வேண்டுமானால் கவுன்டி ஆணையர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் கடன்பத்திரத் திட்டத்தை வாக்காளர் முன் வைக்க வேண்டும். 2006 நவம்பரில் 97 கோடி டாலர் கடன்பத்திரம் வாக்கெடுப்பில் வென்றது. ஆனால் அந்தத் தொகை போதும் என்ற கணக்கு, ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளில் கூடுதல் மாணவர்களை அடக்குவதையும் நம்பியிருந்தது. அதற்காக 22 பள்ளிகளை ஆண்டு முழுவதும் இயங்கும் பள்ளிகளாக மாற்ற வாரியம் முடிவு செய்தது.

அந்த முறையில் மாணவர்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்படுவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 45 நாள் வகுப்பு, பிறகு 15 நாள் விடுமுறை. எந்த நாளிலும் மூன்று பிரிவுகள் பள்ளியில் இருக்கும், ஒரு பிரிவு வீட்டில் இருக்கும். ஆகவே அதே கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் மாணவர்களைச் சேர்க்கலாம். தாளில் பார்த்தால் சிக்கனமான ஏற்பாடு. வீட்டில் பார்த்தால் கதை வேறு. இளைய பிள்ளை இந்த நாட்காட்டியிலும் மூத்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் வழக்கமான நாட்காட்டியிலும் படித்தால், இருவருக்கும் விடுமுறை ஒத்துவராது. அக்டோபரில் மூன்று வாரம் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யாரும் இல்லை.

பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2007 மே மாதம் நீதிபதி ஹோவர்ட் மேனிங், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளை இத்தகைய பள்ளிகளில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தார். 2008-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2009 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கமே நின்றது. சட்டத்தில் வாரியம் வென்றது. ஆனால் ஒப்புதல் கேட்கத் தேவையில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடி வென்ற ஒரு நிர்வாகம், ஐந்தே மாதத்தில் அதே பெற்றோரிடம் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது.

நான்கு தொகுதிகளின் தேர்தல்

வாரியத் தேர்தல் ஒரே நாளில் ஒன்பது இடங்களுக்கும் நடப்பதில்லை. 2009 அக்டோபர் 6 அன்று நான்கு இடங்களுக்கு மட்டுமே வாக்குப்பதிவு. அந்த நான்கும் பெரும்பாலும் கவுன்டியின் வெளி வட்டத்தைச் சேர்ந்தவை: வடகிழக்கு, தென்கிழக்கு, வடமேற்கு, மேற்கு. ராலேயின் உட்பகுதி மக்களுக்கு அன்று வாக்களிக்க வாய்ப்பே இல்லை. வாக்களித்தவர்களின் விகிதமும் மிகக் குறைவு. சட்டப்படி இது கட்சி சார்பற்ற தேர்தல். நடைமுறையில் குடியரசுக் கட்சி வெளிப்படையாகவே ஒரு வேட்பாளர் அணியை ஆதரித்தது. கிறிஸ் மலோன், டெபோரா பிரிக்கெட், டெப்ரா கோல்ட்மேன் மூவரும் வென்றனர். ஜான் டெடெஸ்கோ நவம்பர் 3 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் வென்றார். ஏற்கெனவே வாரியத்தில் தனியாளாக எதிர்க்குரல் கொடுத்துவந்த ரான் மார்ஜியோட்டாவுடன் சேர்ந்து ஐவர் ஆயினர். டிசம்பர் முதல் நாள் மார்ஜியோட்டா தலைவரானார்.

ஒன்பதில் நான்கு தொகுதிகளில், அதுவும் கொள்கையால் மிக அதிகம் பாதிக்கப்படக்கூடிய தொகுதிகள் வாக்களிக்காத ஆண்டில், முழுக் கவுன்டியின் கொள்கையும் தலைகீழாக மாறியது. இதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. ஆனால் எந்த ஆண்டில் எந்த இடங்கள் காலியாகின்றன என்ற அட்டவணை, கொள்கை விவாதத்தைவிட அதிக வலிமை பெற்றுவிட்டது.

புதிய பெரும்பான்மையின் வாதங்களை நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்கு அருகில் படித்தால் பெற்றோர் பள்ளியோடு நெருங்கியிருப்பார்கள் என்றார்கள். ஏழை மாணவர்களைப் பல பள்ளிகளில் பரப்பி வைப்பதால் அவர்களின் பின்னடைவு சராசரிக்குள் மறைந்துவிடுகிறது என்றும், அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிப்பதே இல்லை என்றும் டெடெஸ்கோ திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. பழைய வாரியம் மாணவர்களை எங்கே அமர்த்துவது என்பதில் காட்டிய அக்கறையை, அமர்ந்த பிறகு அவர்கள் என்ன கற்கிறார்கள் என்பதில் காட்டவில்லை. தவிர, 40 விழுக்காடு என்ற வரம்பையே பல பள்ளிகள் அதற்குள் மீறியிருந்தன. கொள்கை ஏட்டளவில் இருந்த இடங்களும் உண்டு.

ஆனால் அக்கம்பக்கம் என்பது தானாக முளைத்த ஒன்றல்ல என்பதை அவர்கள் பேசவே இல்லை. தென்கிழக்கு ராலே கறுப்பின மக்களின் பகுதியானது, இனப்பாகுபாடு சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த காலத்தின் விளைவு. அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இதுவே உங்கள் பள்ளி எல்லை என்று சொன்னால், பழைய அநீதியின் வரைபடத்தைப் புதிய மையில் நகலெடுப்பதாகவே ஆகும். 2011-ல் அப்பகுதியில் திறக்கப்பட்ட வால்நட் கிரீக் தொடக்கப் பள்ளி தொடக்கத்திலிருந்தே வறுமை மிகச் செறிந்த பள்ளியாக இயங்க நேர்ந்தது இந்தக் கவலைக்கு ஆதாரமாக அமைந்தது.

2010: கூட்ட அரங்கில்

பள்ளி நிர்வாகத்தின் தலைமை அலுவலரான கண்காணிப்பாளர் டெல் பர்ன்ஸ் 2010 பிப்ரவரியில் பதவி விலகலை அறிவித்தார். புதிய பெரும்பான்மையின் போக்கோடு மனச்சாட்சிப்படி ஒத்துப்போக இயலாது என்பதே அவர் சொன்ன காரணம். மார்ச் 23 தீர்மானத்தின்போது அரங்கில் கைதுகள் நடந்தன. மே 18 அன்று கொள்கை மாற்றம் இறுதியாக, அதே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிறைவேறியது. ஜூன் 15 அன்று, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநிலத் தலைவரான போதகர் வில்லியம் பார்பர், வரலாற்றாசிரியர் திமோதி டைசன், போதகர் நான்சி பெட்டி உள்ளிட்ட நால்வர் வாரிய உறுப்பினர்களின் இருக்கைப் பகுதியில் அமர்ந்து வெளியேற மறுத்துக் கைதாயினர். ஜூலை 20 அன்று ராலேயில் பெரும் பேரணி. அன்று மாலை வாரியக் கூட்டத்தில் 19 பேர் கைது செய்யப்பட்டனர். மூன்றாண்டுகள் கழித்து மாநிலச் சட்டமன்றத்தின் முன் வாரந்தோறும் திங்கட்கிழமைகளில் பார்பர் நடத்திய அறப்போராட்டங்களுக்கு இந்த அரங்கே ஒத்திகைக் களமாக இருந்தது என்று சொல்லலாம்.

செப்டம்பரில் என்.ஏ.ஏ.சி.பி., கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவில் புகார் அளித்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பும் விசாரணையில் இறங்கியது. 2011 மார்ச்சில் எச்சரிக்கையோடு கூடிய அங்கீகார நிலையை அறிவித்தது. அதன் கவலை எல்லைகளைவிட வாரியம் முடிவெடுத்த முறையைப் பற்றியது. தரவையும் ஆலோசனையையும் தள்ளிவைத்துவிட்டு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள்களைத் திடீரென்று எடுத்து வாக்கெடுப்பு நடத்தும் பழக்கம் முதல் கூட்டத்திலிருந்தே இருந்தது. பிள்ளைகளின் பல்கலைக்கழகச் சேர்க்கை பாதிக்கப்படுமோ என்ற அச்சம், அதுவரை இந்தச் சண்டையில் ஒதுங்கியிருந்த புறநகர்ப் பெற்றோரையும் உலுக்கியது.

இவ்வளவுக்கும் நடுவே, வாரியமே எடுத்த கருத்துக்கணிப்பில் பதில் அளித்த பெற்றோரில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தம் பிள்ளையின் பள்ளி குறித்து நிறைவாக இருப்பதாகச் சொல்லியிருந்தனர். இந்த ஒரு எண் இரு தரப்புக்குமே பாடமாக இருந்திருக்க வேண்டும். பெற்றோர் வெறுத்தது பள்ளிகளை அல்ல. அவற்றிலிருந்து அடிக்கடி பெயர்க்கப்படுவதையே.

பெரும்பான்மை உள்ளிருந்து உடைந்தது

கவுன்டியை 16 மண்டலங்களாகப் பிரித்து, மாணவர்கள் தத்தம் மண்டலத்துக்குள்ளேயே பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற திட்டத்தை டெடெஸ்கோ வரைந்துகொண்டிருந்தார். மண்டல எல்லைகள் வரைபடத்தில் ஏறியதும் புதிய சிக்கல் எழுந்தது. எந்தக் கோடு போட்டாலும் கோட்டின் மறுபக்கத்தில் ஒரு தெரு இருக்கும். அருகில் இருக்கும் பள்ளியே தங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி வாக்களித்த புறநகர்ப் பெற்றோர் சிலருக்கு, அந்தப் பள்ளி கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. கேரியைப் பிரதிநிதித்த டெப்ரா கோல்ட்மேன் 2010 அக்டோபரில் எதிரணி உறுப்பினர்களோடு சேர்ந்து வாக்களித்து மண்டலத் திட்டத்தை நிறுத்தினார். பழைய கொள்கையை அகற்றிவிட்ட பெரும்பான்மைக்கு, அந்த இடத்தில் வைக்க எதுவும் இல்லாமல் போனது.

அந்த வெற்றிடத்தில்தான் வணிகச் சங்கம் நுழைந்தது. ராலே வணிகர் சங்கமும் உள்ளூர்க் கல்வி அமைப்பு ஒன்றும் சேர்ந்து, மாசசூசெட்ஸைச் சேர்ந்த மைக்கேல் ஆல்வஸை அழைத்து ஒரு மாற்றுத் திட்டம் வரையச் செய்தன. 1981 முதல் கேம்பிரிட்ஜ் நகரில் நடைமுறையில் இருந்த கட்டுப்படுத்தப்பட்ட தேர்வு முறையோடு தொடர்புடையவர் அவர். பெற்றோர் சில பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதித் தருவார்கள். பள்ளிகளின் சமநிலையைக் கெடுக்காத வகையில் நிர்வாகம் இடம் ஒதுக்கும். 2011 தொடக்கத்தில் புதிய கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டோனி டாட்டா, ஓய்வு பெற்ற ராணுவ பிரிகேடியர் ஜெனரல். வாஷிங்டன் நகரப் பள்ளி நிர்வாகத்தில் பணியாற்றியவர். அவர் இந்த யோசனையின் சாயலில் ஒரு தேர்வுத் திட்டத்தை உருவாக்கினார். நாடெங்கும் இந்தச் சண்டை பேசுபொருளாகியிருந்த நேரம் அது. கூட்டாட்சிக் கல்விச் செயலர் ஆர்ன் டங்கன், கலப்பை விட்டுவிடும் போக்கு கவலையளிப்பதாக நாளிதழுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

2011 அக்டோபர் 11 அன்று மற்ற ஐந்து இடங்களுக்குத் தேர்தல் வந்தது. இம்முறை ராலேயின் உட்பகுதிகளுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு. மார்ஜியோட்டாவை சூசன் எவன்ஸ் தோற்கடித்தார். கெவின் ஹில் நவம்பர் 8 இரண்டாம் சுற்றில் வென்றார். ஐந்து இடங்களும் ஜனநாயகக் கட்சி ஆதரவு பெற்றவர்களுக்கே போயின. தோற்றுப்போன பெரும்பான்மை பதவி விலகுவதற்கு முன்பே, தேர்தலுக்கு ஒரு வாரம் கழித்து அக்டோபர் 18 அன்று, டாட்டாவின் தேர்வுத் திட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது. புதியவர்கள் பொறுப்பேற்றபோது தாங்கள் வரையாத ஒரு திட்டத்தை நடத்தும் நிலையில் இருந்தார்கள்.

பேருந்துகள்

தேர்வுத் திட்டத்தில் முகவரிக்கு ஒரு பள்ளி என்ற உறுதி இல்லை. ஒரே தெருவின் பிள்ளைகள் நான்கைந்து பள்ளிகளுக்குப் போகலாம். ஆனால் ஒரு தெருவுக்கு நான்கைந்து பேருந்து அனுப்ப வேண்டியிருக்கும் என்பதை யாரும் முழுதாகக் கணக்கிடவில்லை. 2012 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது பேருந்துகள் வரவில்லை, வந்தவை நிரம்பி வழிந்தன, பிள்ளைகள் இருட்டும் வேளையில் வீடு திரும்பினர். வீடு விற்பவர்களாலும், புதிதாகக் குடிவருபவர்களாலும், இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்ற எளிய கேள்விக்குப் பதில் பெற முடியவில்லை.

அதற்கு முன்பே, 2012 ஜூனில், முகவரி அடிப்படைக்குத் திரும்பும்படி வாரியம் ஐந்துக்கு நான்கு என்று அறிவுறுத்தியிருந்தது. செப்டம்பர் 25 அன்று டாட்டாவைப் பதவியிலிருந்து நீக்கியதும் அதே கணக்கில்தான். மூன்றாண்டுகளுக்குள் இரண்டு கண்காணிப்பாளர்கள் போனார்கள், மூன்று ஒதுக்கீட்டு முறைகள் வந்து போயின. 2009-ல் மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் இத்தனையையும் கடந்து வந்திருக்கும்.

2013-ல் வாரியம் நிறைவேற்றிய கொள்கை நான்கு கூறுகளைச் சொல்கிறது: மாணவரின் கல்வி அடைவு, நிலைத்தன்மை, அருகாமை, நிர்வாகச் சிக்கனம். வறுமை ஓரிடத்தில் குவிவதைக் குறைக்க வேண்டும் என்பது அடைவு என்ற கூறின் கீழ் வருகிறது. 40 விழுக்காடு போன்ற எண் எதுவும் இல்லை. கலப்பை ஆதரிப்பவர்கள் இதைப் பின்வாங்கல் என்று விமர்சித்தார்கள். விமர்சனம் நியாயமானது. எண் இல்லாத இலக்கை எந்த ஆண்டிலும் தவறவிடலாம், தவறவிட்டதை எவரும் நிறுவ முடியாது. வறுமை மிகுந்த பள்ளிகளின் எண்ணிக்கை கூடியதையும் அந்தக் கொள்கை தடுத்துவிடவில்லை. அதே சமயம், நிலைத்தன்மை என்ற சொல் கொள்கையின் நான்கு கூறுகளில் ஒன்றாக எழுதப்பட்டதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. 2000-ன் வாரியம் தன் இரண்டு எண்களுக்குக் கொடுத்த எடையை அந்தச் சொல்லுக்கும் கொடுத்திருந்தால், கலப்புக்கான ஆதரவு இவ்வளவு விரைவில் கரைந்திருக்காது.

எல்லைகளை வரைபவர்களின் எல்லை

சண்டை அத்தோடு ஓயவில்லை. அது ஒரு படி மேலே போனது. 2013-ல் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட மாநிலச் சட்டமன்றம், வாரிய உறுப்பினர்களுக்கான தேர்தல் தொகுதிகளையே மாற்றி ஒரு சட்டம் இயற்றியது. ஒன்பது தொகுதிகள் ஏழாயின. எஞ்சிய இரண்டு இடங்களுக்குக் கவுன்டியை நகர்ப்பகுதி ஒன்று, அதைச் சூழ்ந்த வெளிவட்டம் ஒன்று என இரண்டாகப் பிரித்தார்கள். நகர்ப்பகுதித் தொகுதிகளில் மக்களை அதிகமாகவும் வெளிவட்டத் தொகுதிகளில் குறைவாகவும் வைத்ததால், புறநகர் வாக்கின் எடை கூடியது. தொகுதிகளுக்கிடையே மக்கள்தொகை வேறுபாடு 10 விழுக்காட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த அளவுக்குள் இருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. ஆனால் 2016 ஜூலை 1 அன்று நான்காவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வேறுபாடு கட்சி ஆதாயத்துக்காகவே வைக்கப்பட்டது என்று கண்டு, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறியை மீறுவதாக அறிவித்துத் தொகுதிகளைச் செல்லாததாக்கியது. இன ஒதுக்கீட்டை 1999-ல் தடுத்து இந்த நிகழ்வுத் தொடரை ஒரு வகையில் தொடங்கிவைத்ததும் இதே நீதிமன்றம்தான்.

இன்று வாரியம் மீண்டும் ஒன்பது தொகுதிகளோடு இயங்குகிறது. புதிய பள்ளிகள் திறக்கும் ஆண்டுகளில் எல்லை மாற்ற வரைவுகள் இப்போதும் வெளியாகின்றன. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பல நேர்வுகளில் அதே பள்ளியில் தொடர விண்ணப்பிக்கலாம், ஆனால் பேருந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கார் உள்ள குடும்பத்துக்கு அது உண்மையான உரிமை. தென்கிழக்கு ராலேயில் கார் இல்லாத குடும்பத்துக்கு, பேருந்து வராத பள்ளியில் தொடரலாம் என்ற அனுமதி எதற்கும் உதவாது. அந்தப் பேருந்துக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, வரி விதிக்கும் அதிகாரம் இல்லாத வாரியத்துக்கும் அதிகாரம் உள்ள கவுன்டி ஆணையர்களுக்கும் நடுவே, ஒவ்வொரு ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலும் திரும்ப வருகிறது.